கிளிநொச்சி தருமபுரத்திலயிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்கு வீடு மாறுறது: அங்க இருக்கிற எங்கட ஆக்கள் சொல்லுங்கோ

தருமபுரத்தான்
எல்லாருக்கும் வணக்கம். மூத்தவளுக்கு மொறட்டுவ கம்பஸ் கிடைச்சிருக்கு. அம்மாவுக்கு மகரகமவில மாதாமாதம் கிளினிக், ஒவ்வொரு முறையும் ராத்திரி பஸ்ஸில ஏத்தி இறக்கி அந்த மனுசியைப் படுத்துற பாடு எனக்குப் பாக்க ஏலாமல் கிடக்கு. அதால குடும்பமா கொழும்புக்குப் போய் ஒரு நாலு அஞ்சு வருசம் இருப்பமோ எண்டு யோசிக்கிறம். எல்லாரும் வெள்ளவத்தை எண்டுதான் சொல்லுகினம். எனக்குக் கொழும்பு பழக்கமில்லை, அலுவலா வந்து லொட்ஜில நிண்டு திரும்பினதுதான். அரை ஏக்கர் வளவில கிணறும் மாமரமும் மாட்டுக்கொட்டிலுமா இருந்த சனம் அங்க போய் மூண்டாம் மாடியில எப்பிடி இருக்கிறது? வாடகை, தண்ணி, அயல், பிள்ளையளின்ர படிப்பு எல்லாம் எப்பிடி? இளையவன் வாற வருசம் ஓ.எல் எடுக்கிறான், அவனையும் மாத்தலாமோ? உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ.

முல்லைக்கடல்
அண்ணா, நான் புதுக்குடியிருப்பு. சண்டை முடிஞ்சு முகாமால வந்து கொஞ்சக்காலத்தில அவருக்கு வேலை கிடைச்சு வெள்ளவத்தைக்கு வந்தனாங்கள், பிறகு இஞ்சதான். முதல்ல இந்த இடம் எப்பிடிக் கிடக்கு எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ. காலி வீதி நடுவால ஓடுது. அதுக்குக் கடல் பக்கம் ஒண்டு, தரைப் பக்கம் ஒண்டு. கடல் பக்க ஒழுங்கையள் எல்லாம் நேரா போய் ரயில் தண்டவாளத்திலயும் மரீன் டிரைவிலயும் முட்டும். காத்து நல்லா வரும், பின்னேரத்தில அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் இருத்தலாம். ஆனா உப்புக்காத்து. ஃபிரிட்ஜ், காஸ் அடுப்பு, ஃபான், ஜன்னல் கொண்டி எல்லாம் கறள் பிடிக்கும். ரயில் சத்தம் முதல் கிழமை நித்திரை கொள்ள விடாது, பிறகு காது பழகிப்போகும்.

தரைப் பக்கம் டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தை, ஹம்டன் லேன், அங்கால கால்வாய். சனம் நெருக்கம், ஆனா கடை, சந்தை, கோயில் எல்லாம் கிட்ட. கால்வாயோட ஒட்டின பக்கம் வீடு பாத்தா, பெரிய மழைக்கு எதுவரைக்கும் தண்ணி நிண்டது எண்டு கீழ்வீட்டு ஆக்களைக் கேளுங்கோ, புரோக்கரைக் கேக்காதேங்கோ.

வீடு பாக்கப் போகேக்க பகலில மட்டும் போகவேண்டாம் அண்ணா. பின்னேரம் ஆறு ஏழு மணிக்குப் போங்கோ. எல்லா வீட்டிலயும் ஒரே நேரம் பைப்பைத் திறக்கிற நேரம் அது, குளிக்கிற பைப்பையும் குசினிப் பைப்பையும் சேர்த்துத் திறந்து பாத்தா தண்ணியின்ர வேகம் தெரியும். மேல் மாடிக்குத் தண்ணி ஏத்துற மோட்டர் ஆற்ற பொறுப்பில இருக்கு, கரண்ட் போனா லிஃப்ற்றுக்கு ஜெனரேற்றர் இருக்கோ எண்டு கேளுங்கோ. கிளினிக் போற அம்மாவோட மூண்டாம் மாடியில இருக்கிறதெண்டால் லிஃப்ற்தான் உங்கட உயிர்நாடி.

பரந்தன்சந்தி
என்ன எல்லாரும் வெள்ளவத்தை வெள்ளவத்தை எண்டு நிக்கிறியள்? தமிழ்ச்சனம் எல்லாம் அந்த ஒரு இடத்தையே கேக்கிறபடியால்தான் வாடகை அங்க ஏறிப்போய்க் கிடக்கு. பிள்ளை மொறட்டுவ கம்பஸ் இருக்கிற கட்டுபெத்தைக்குத்தானே போகுது. தெகிவளை, கல்கிசை, ரத்மலானை எல்லாம் அதுக்கு இன்னும் கிட்ட. ரத்மலானையில கொழும்பு இந்துக் கல்லூரி இருக்கு, தெகிவளையிலயும் எங்கட சனம் நிறைய. அதே காசுக்கு ஒரு அறை கூட வாற வீடு கிடைக்கும். தெகிவளையிலயிருந்து மகரகமவுக்கு நேர பஸ்ஸும் இருக்கு, வெள்ளவத்தையில இருந்தா தெகிவளைக்கு வந்துதான் மாற வேண்டி வரும்.

கொட்டாஞ்சேனையில்_மல்லாவி
வெள்ளவத்தைக்காரர் கொட்டாஞ்சேனையைக் கணக்கிலயே எடுக்கிறேல்ல. நாங்கள் இருக்கிற ஒழுங்கையில தமிழ், முஸ்லிம், சிங்களம், கிறிஸ்தவம் சைவம் எல்லாம் கலந்து தலைமுறை தலைமுறையா இருக்கிற சனம். பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் கிட்ட, விவேகானந்தாக் கல்லூரி இருக்கு, செட்டியார் தெரு நடந்துபோற தூரம். மனிங் சந்தை பேலியகொடைக்குப் போனபிறகும் மரக்கறி இஞ்ச மலிவுதான். பிள்ளை பெத்தா, ஆரும் சுகமில்லாமல் விழுந்தா கதவைத் தட்டிக் கேக்கிற சனம். ஆனா அண்ணை, உங்கட தேவைக்கு இது சரிவராது. கட்டுபெத்தைக்கு இஞ்சயிருந்து போறதெண்டால் பிள்ளை விடியப்புறம் வெளிக்கிட்டு இருட்டில வரும். மகரகமவும் தூரம். அதால நானும் தெகிவளை வெள்ளவத்தைப் பக்கம்தான் சொல்லுவன்.

நெடுங்கேணி_ரீச்சர்
மற்றதெல்லாம் பிறகு கதைக்கலாம், மகன்ர விசயத்தை முதல் கதையுங்கோ. பள்ளிக்கூடம் மாத்திறதுக்கு முதல் ஒண்டை யோசிக்கவேணும். பல்கலைக்கழகத்துக்கு எடுக்கேக்க 40 வீதம் தீவு முழுக்கத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலும் அந்தப் பின்தங்கின பட்டியலுக்குள்ள வருது. மாவட்டம் எண்டு அவை பாக்கிறது ஐடென்ரிற்றியில உள்ள விலாசத்தை இல்லை, ஏ.எல் சோதினைக்கு முந்தின மூண்டு வருசமும் எந்த மாவட்டப் பள்ளிக்கூடத்தில படிச்சவன் எண்டதைத்தான். இப்ப அவனைக் கொழும்புக்கு மாத்தினா ஏ.எல் எடுக்கேக்க கொழும்பு மாவட்டப் பிள்ளையளோட போட்டி போடவேணும், அங்கத்த வெட்டுப்புள்ளி எங்க நிக்கும் எண்டு மூத்தவளைக் கேட்டாலே சொல்லுவாள்.

நான் பயப்பிடுத்தச் சொல்லேல்ல. நல்ல ரியூசன், நல்ல லாப் எண்டு கொழும்பில வாய்ப்புக் கூட எண்டது உண்மைதான். ஆனா எங்கட மாவட்டத்துப் பிள்ளையளுக்கு அந்த இடம் ஒதுக்கினது இஞ்ச விஞ்ஞான ரீச்சர் இல்லாமல் எத்தினையோ பள்ளிக்கூடம் கிடக்கிறபடியால்தான். அந்தக் குறைக்குள்ள இருந்து படிச்ச பிள்ளை, அதுக்கான உரிமையைக் கடைசி நேரத்தில தெரியாமல் விட்டிடக்கூடாது. பேத்தியார் வீடோ சித்தி வீடோ இருந்தா அவனை ஏ.எல் முடியுமட்டும் ஊரில விடுங்கோ. அதோட ஓ.எல்லுக்கு முந்தின வருசம் பள்ளிக்கூடம் மாத்திறது எந்தப் பிள்ளைக்கும் நல்லதில்லை.

தருமபுரத்தான்
ரீச்சர், இந்த மூண்டு வருசக் கதை எங்களுக்கு ஆரும் சொல்லேல்ல. பெரிய உதவி. மனுசியின்ர தங்கச்சி கிளிநொச்சி ரவுனில இருக்கிறா, அவவோட கதைக்கிறன். ஆனா மனுசிக்குப் பெடியனை விட்டுட்டுப் போக மனமில்லை, ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லாமல் அழுகிறா. அதையும் பாக்கவேணும் தானே.

குளக்கட்டு
தம்பி, நான் காணிக் கந்தோரில வேலைசெய்து ஓய்வெடுத்த ஆள். வீட்டைப் பற்றி இவை சொல்லுவினம், நான் நீங்கள் விட்டுட்டுப் போற காணியைப் பற்றிச் சொல்லுறன். தருமபுரம் எண்டால் உங்களிட்ட இருக்கிறது அனேகமா பெர்மிற் காணி, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில தந்தது. உறுதிக் காணியைப் போல அதை நினைக்கவேண்டாம். 1935ம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ தாற அனுமதிப்பத்திரத்தில நிபந்தனை இருக்கு, அதில இருந்து பயிர்செய்து பராமரிக்கவேணும். வருசக்கணக்கா ஆளில்லாமல் பத்தையா விட்டா பிரதேச செயலாளர் நோட்டீஸ் ஒட்டி விசாரிச்சு ரத்துச் செய்யலாம். அந்த நோட்டீஸ் மரத்தில தொங்கிக்கொண்டிருக்க ஆக்கள் கொழும்பில இருந்த கதையள் எத்தினையோ என்ர மேசைக்கு வந்தது.

அதால ஒண்டு, சொந்தத்தில ஒரு குடும்பத்தை வீட்டில இருத்துங்கோ. விளக்கு எரியவேணும், கிணத்தில வாளி விழவேணும், காலபோகத்துக்கு வயலில ஏதாவது விதைக்கவேணும். ரெண்டு, எழுத்தில அனுமதி இல்லாமல் குத்தகைக்குக் குடுக்கவோ ஈடுவைக்கவோ போகாதேங்கோ, அப்பிடிக் குடுத்தது சட்டத்தில நிக்காது, பெர்மிற்றுக்கும் கேடு. மூண்டாவதுதான் முக்கியம்: பெர்மிற் உங்கட அம்மாவின்ர பெயரில இருந்தா, அவ நல்ல அறிவோட இருக்கிற இந்த நேரத்திலயே பிரதேச செயலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் பின்னுரித்தாளர், அதாவது அவவுக்குப் பிறகு காணி போறவர், ஆரெண்டு பதிஞ்சு விடுங்கோ. வருத்தக்கார மனுசியைக் கொழும்புக்குக் கொண்டுபோன பிறகு அந்த ஒரு கையெழுத்துக்காக 300 கிலோமீற்றருக்கு மேல ஏத்தி இறக்கவேண்டி வரும். பின்னுரித்து வைக்காமல் அவ கண்ணை மூடினா சகோதரங்களுக்குள்ள வாற பிரச்சினை இருக்கே, நான் அதுக்குள்ளதான் முப்பது வருசம் இருந்தன்.

தருமபுரத்தான்
ஐயா, பெர்மிற் அம்மாவின்ர பெயரிலதான் இருக்கு. பின்னுரித்து வைக்கேல்ல. இந்தக் கிழமையே போறன். வோட்டுப் பதிவு? அங்க மாத்திறதோ இஞ்ச விடுறதோ?

குளக்கட்டு
ரெண்டு இடத்தில பதிய ஏலாது. வீட்டில தங்கச்சி ஆக்கள் இருந்து, நீங்கள் படிப்புக்கும் வைத்தியத்துக்கும்தான் போறதெண்டால் கிராம சேவகரோட மனம்விட்டுக் கதையுங்கோ, அவர் ஒவ்வொரு வருசமும் இடாப்புத் திருத்தேக்க உங்கட வீட்டுக்கு வாறவர்தானே. ஆரும் கொழும்புப் பள்ளிக்கூடத்தில முதலாம் வகுப்புக்குப் பிள்ளை சேர்க்கிற எண்ணத்தோட போறதெண்டால் அது வேற கதை, அங்க வாக்காளர் இடாப்பில அஞ்சு வருசப் பதிவு கேட்டுப் புள்ளி போடுவினம். உங்களுக்கு அது தேவையில்லை.

ஓமந்தைப்பெடியன்
அண்ணை வாடகை அக்ரிமென்ற் விசயம் கவனம். இஞ்ச அனேகமா ஆறு மாத அட்வான்ஸ் கேப்பினம், சில ஆக்கள் ஒரு வருசமும் கேப்பினம், நெடுகப் பேசிப்பாக்கலாம் முதல் சொல்லுக்கே ஓமெண்டு சொல்லவேண்டாம். முத்திரை ஒட்டின ஒரு பேப்பரில கையெழுத்து வாங்கிப்போட்டு ஒரு வருச ஒப்பந்தம் எண்டு சொல்லுவினம். 1840ம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் எண்டு ஒண்டு இண்டைக்கும் நடைமுறையில இருக்கு, அதின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால எழுதினாத்தான் செல்லும். வெறும் பேப்பர் எண்டால் நீங்கள் மாதவாடகைக்காரர் கணக்குத்தான், வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரன் திடீரெண்டு பிள்ளைக்குக் கலியாணம் வீடு வேணும் எண்டா உங்கட ஒரு வருசக் கதை நிக்காது. நொத்தாரிசுக்குக் குடுக்கிற காசைப் பாக்கவேண்டாம்.

அட்வான்ஸ் எவ்வளவு, வெளிக்கிடேக்க எத்தினை நாளுக்குள்ள திருப்பித்தரவேணும், பெயின்ற் அடிக்கிறதுக்கு எண்டு கழிக்கலாமோ இல்லையோ, மெயின்ரனன்ஸ் காசு ஆர் கட்டுறது, எல்லாம் எழுத்தில வரவேணும். உள்ளுக்குப் போற அண்டைக்கு கரண்ட் மீற்றரையும் தண்ணி மீற்றரையும் சுவரில இருக்கிற வெடிப்பையும் போனில படம் எடுத்து சொந்தக்காரருக்கே அனுப்பி வையுங்கோ.

இன்னொண்டு, அனெக்ஸ் எண்டு ஒரு வீட்டின்ர பாதியைத் தடுத்துக் குடுப்பினம், வாடகை குறைவா இருக்கும், ஆனா மீற்றர் ஒண்டு. கரண்ட் பில் யூனிற் கூடக்கூட ஒவ்வொரு யூனிற்றின்ர விலையும் ஏறுற மாதிரித்தானே, 60 யூனிற்றைத் தாண்டினா கணக்கே வேற. ரெண்டு குடும்பம் ஒரு மீற்றரில ஓடினா ரெண்டு பேரும் மேல்தட்டு விலைதான் கட்டவேணும், வாடகையில மிச்சம் பிடிச்சது அதிலயே போயிடும். தனி மீற்றர் இல்லாத வீட்டைத் தொடாதேங்கோ. கரண்ட் முறைப்பாட்டுக்கு 1987, தண்ணிக்கு 1939, ரெண்டையும் இப்பவே போனில போட்டு வையுங்கோ.

பரந்தன்சந்தி
ஓமந்தை தம்பி சொன்னது சரி. அதோட அப்பாட்மென்ற் பதிஞ்சதோ எண்டும் பாக்கவேணும். 1973ம் ஆண்டு 11ம் இலக்க அப்பாட்மென்ற் உரிமைச் சட்டத்துக்குக் கீழ பிளான் பதிஞ்ச கட்டிடம் எண்டால் வீட்டுக்காரர் எல்லாம் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் இருக்கும், அதுக்கு ஒரு தலைவர், கணக்கு, கூட்டம் எல்லாம் இருக்கும். பதியாத கட்டிடத்தில கட்டினவன் வித்துப்போட்டுப் போயிட்டான் எண்டால் லிஃப்ற் பழுதானா ஆரைப் பிடிக்கிறது? சொந்தக்காரர் பாதிப்பேர் கனடா லண்டன், மெயின்ரனன்ஸ் கட்டாமல் வருசக்கணக்கா பூட்டிக்கிடக்கிற வீடுகள், இருக்கிற நாலு குடும்பம் எல்லாச் செலவையும் சுமக்கிறது. வாங்கிற ஆக்கள் இதை இன்னும் கவனமாப் பாக்கவேணும், பதியாட்டி கையில வாறது பங்கு உறுதிதான், பாங் கடன் எடுக்கிறதும் கஸ்ரம்.

உண்மையைச் சொன்னா எனக்கு அப்பாட்மென்ற் வாழ்க்கையில இருக்கிற பெரிய குறை அயல்தான். முன் கதவில ஆர் இருக்கினம் எண்டு தெரியாது. பரந்தனில வேலிக்கு மேலால கூப்பிட்டு கருவேப்பிலை வாங்கிற சனம் நாங்கள்.

முல்லைக்கடல்
பரந்தன் அண்ணா, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டன். அயல் தானா வராது, இஞ்ச நாங்கள்தான் கதவைத் தட்டவேணும். ஊரில முத்தத்தில நிண்டாலே போற வாற ஆக்களோட கதை வரும், இஞ்ச அப்பிடி ஒரு இடம் இல்லை. லிஃப்ற்றுக்குள்ள எல்லாரும் போனைப் பாத்துக்கொண்டு நிப்பினம்.

என்ர மாமி இந்த வீட்டிலதான் செத்தவ. ஊரில எண்டால் செய்தி கேட்ட உடன ஆக்கள் பந்தல் போடுவினம், கதிரை வரும், பறை வரும், அயல்வீடுகள் அடுப்பு மூட்டித் தேத்தண்ணியும் சோறும் கொண்டுவரும். இஞ்ச முதல் பிரச்சினை சவப்பெட்டி லிஃப்ற்றுக்குள்ள அடங்காது. படி ஒடுக்கம், வளைவில திருப்ப ஏலாது. மாமியை ஒரு துணியில கிடத்தி இறக்கவேண்டி வந்தது, அவ்வளவு பிள்ளையள் பெத்து வளத்த மனுசியை அப்பிடி இறக்கினது இவருக்கு இண்டைக்கும் ஆறேல்ல. பிறகு பொரளையில மலர்ச்சாலை, கனத்தை மயானத்தில கிரியை. மலர்ச்சாலையில நேரக்கணக்கு, ஊரில இருந்து வாறவை பஸ்ஸில வந்து சேருமட்டும் வைச்சிருக்க ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் மனம் பதறும்.

அண்டைக்கு ஐஞ்சாம் மாடியில இருந்த முஸ்லிம் குடும்பம், அதுவரைக்கும் சிரிச்சதோட சரி, அவை என்ர ரெண்டு பிள்ளையளையும் கொண்டுபோய் வைச்சிருந்து சாப்பாடு குடுத்து நித்திரையாக்கினவை. கீழ இருக்கிற சிங்கள அன்ரி மலர்ச்சாலைக்காரரோட சிங்களத்தில கதைச்சு விலையைக் குறைச்சு, மரண அத்தாட்சிப் பத்திர அலுவலுக்கு இவரோட கந்தோருக்கும் போனவ. எட்டுக்கு மரக்கறிச் சோறு சமைச்சு அனுப்பினதும் அவைதான். அதுக்குப் பிறகு எங்கட மாடிக் கதவுகள் பகலில பூட்டுறேல்ல. தைப்பொங்கலுக்கு மொட்டை மாடியில ரெண்டு குடும்பம் பொங்கத் தொடங்கி இப்ப மாடியில இடம் பிடிக்கிறதுக்கு முதல் நாளே கல்லு வைக்கிற நிலைமை. நெருப்பு மூட்டுறதுக்குக் கூட்டத்தில அனுமதி கேட்டு, மணல் பரப்பி, பிறகு கூட்டித் துடைச்சு விடுறம்.

தருமபுரத்து அண்ணா, குடிபோற அண்டைக்குப் பால் காய்ச்சினா மாடியில எல்லாக் கதவுக்கும் ஒரு சின்னக் கிளாஸில குடுங்கோ. ஊரில இருந்து அரிசியோ கச்சானோ வந்தா கொஞ்சம் குடுங்கோ. மொட்டைக்கறுப்பன் அரிசிக்கு இஞ்ச நல்ல மதிப்பு.

கொட்டாஞ்சேனையில்_மல்லாவி
குப்பையையும் சொல்லிவிடுங்கோ அக்கா. ஊரில வளவு மூலையில கிடங்கு வெட்டிக் கொளுத்திற பழக்கம். 2017 வருசப்பிறப்பண்டு மீத்தொட்டமுல்லைக் குப்பைமலை வீடுகளுக்கு மேல சரிஞ்சு அவ்வளவு சனம் செத்தது, அந்தச் சனம் ஏழைச்சனம், கொழும்பு முழுக்கப் போட்ட குப்பைக்கு அவை உயிரைக் குடுத்தவை. உக்கிற குப்பை வேற, பிளாஸ்ரிக் வேற எண்டு பிரிச்சுத்தான் குடுக்கவேணும். கலந்து வைச்சா லொறிக்காரர் எடுக்க மாட்டினம், பக்கத்து வீட்டுக்காரரோடயும் பிரச்சினை வரும்.

குளக்கட்டு
எங்கட சனம் இப்ப வெள்ளவத்தையில வீடு பாக்கிறதைக் கேக்க ஒரு பக்கம் நிம்மதியாக் கிடக்கு. 2007 ஜூன் 7, விடியப்புறம் கொழும்பு லொட்ஜுகளில நிண்ட தமிழ்ச்சனத்தை, வைத்தியத்துக்கு வந்தவை, பாஸ்போட்டுக்கு வந்தவை எண்டு பாராமல், பொலிஸ் பஸ்ஸில ஏத்தி வவுனியாவுக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்பினது. 376 பேர். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. இந்த நாட்டில எங்க வேணுமெண்டாலும் இருக்கிற உரிமை அரசியலமைப்பில எழுதிக்கிடக்கு, எழுதிக்கிடந்தது அண்டைக்கும்தான். அதால தம்பி, அங்க போய் ஒதுங்கி ஒளிச்சு இருக்கவேண்டாம். கட்டிடக் கூட்டத்துக்குப் போங்கோ, மாநகரசபைக்குத் தமிழில கடிதம் எழுதுங்கோ, பதில் தமிழில கேளுங்கோ. மூத்தவள் சிங்களம் படிக்கட்டும், அதுவும் வேணும். 57ம் ஒழுங்கையில கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கு, 1942ல தொடங்கினது, நூலகம் நல்லது. வாசிக்கிற பிள்ளை எண்டால் கூட்டிக்கொண்டு போங்கோ.

நெடுங்கேணி_ரீச்சர்
ஐயா சொன்னதுக்கு மேல ஒண்டு. மகளை முதலாம் வருசம் கம்பஸ் ஹொஸ்ரலில இடம் கிடைச்சா அங்க விடுறதைப் பற்றியும் யோசியுங்கோ. கூட்டாளியள் பிடிக்கிறதும் ராத்திரியில சேர்ந்து படிக்கிறதும் அங்கதான். அப்ப வீடு அம்மாவின்ர கிளினிக்குக்கு வசதியாப் பாத்தாப் போதும்.

தருமபுரத்தான்
எல்லாருக்கும் நன்றி, வீட்டில எல்லாரையும் இருத்தி வைச்சு வாசிச்சுக் காட்டினன். முடிவு இப்பிடி வந்திருக்கு. பெடியன் சித்தி வீட்டில இருந்து ஏ.எல் மட்டும் கிளிநொச்சியில படிப்பான், மனுசி மாதத்தில ஒரு கிழமை வந்து நிப்பா. தருமபுரத்து வீட்டில மச்சான் குடும்பம் வந்து இருக்கப்போகுது, காலபோகத்தை அவன் பாப்பான். பிரதேச செயலகத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் படிவம் குடுத்தாச்சு, என்ர பெயரும் தங்கச்சியின்ர பெயரும் பற்றி வீட்டில ஒரு சின்னக் கதை வந்தது, ஆனா அம்மாவே இருந்து பேசித் தீர்த்துப்போட்டா. வீடு தெகிவளையில ஒண்டு, வெள்ளவத்தை தரைப் பக்கம் ஒண்டு, ரெண்டு பாத்து வைச்சிருக்கு. தெகிவளை வீடு நிலமட்டம், சின்ன முத்தம் ஒண்டும் இருக்கு, அம்மா அதைத்தான் சொல்லுறா. ரெண்டிலயும் தனி மீற்றர். வாற சனி பின்னேரம் போய்ப் பாக்கிறன். ஊரில இருந்து மூட்டை அனுப்பினா எப்பிடி எடுக்கிறது?

ஓமந்தைப்பெடியன்
ராத்திரி பஸ்காரரிட்ட குடுத்தா விடிய வெள்ளவத்தையில காலி வீதியில இறக்குவினம். மூட்டையில பெயரும் போன் நம்பரும் பெரிசா எழுதி, பஸ் நம்பரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. தெகிவளை வீடெண்டால் கொண்டக்டரிட்ட முதலே சொல்லி வையுங்கோ, சில பஸ் அங்கமட்டும் வரும். நேரத்துக்குப் போய் நிக்கவேணும், விடியப்புறம் எண்டபடியால் அவை காத்துக்கொண்டு நிக்க மாட்டினம்.

முல்லைக்கடல்
நிலமட்ட வீடெண்டால் மழைத்தண்ணியைக் கேட்டிட்டு முடிவெடுங்கோ அண்ணா. சனிக்கிழமை நானும் வாறன், வீட்டுக்காரரோட சிங்களத்தில கதைக்கவேண்டி வந்தா கீழ்வீட்டு அன்ரியையும் கூட்டிக்கொண்டு வாறன். எந்த ஒழுங்கை எண்டு தனிமடலில போடுங்கோ.